தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் தாத்தாவின் முதுகு

பெறுநர்: பழைய விமானப் பத்திரிகைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்கள், சீமை.

அனுப்புநர்: மூக்காண்டி, ஆட்டு வியாபாரம், பனவடலிசத்திரம் வழி, சங்கரன்கோவில் தாலுகா.

மகா கனம் பொருந்திய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, மூக்காண்டி தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்லிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி தங்கத்தாயும் ஆடு குட்டிகளும் சுகம். ஒரு கிடாவுக்கு மட்டும் வாய்ப்புண், வேப்பெண்ணெய் தடவியிருக்கு, சரியாகிவிடும். அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் தங்கள் தேசத்து ஆடுகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் குளத்தங்கரை மாடசாமி துணை நிற்க வேண்டும். தங்கள் ஊரில் எப்போதும் மழை என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு மழைக்கு ஆட்டுக்குக் குளம்பு அழுகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆகையால் நான் சொல்லச் சொல்ல, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிற எங்கள் ஊர் மருமகள் பொன்செல்வி தட்டுகிறாள். என் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றிப் போடுகிறாள். எரிச்சல் வந்தால் அப்படியே விட்டுவிடுகிறாள். முழுக்கத் தட்டி முடித்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் இது இங்கிலீஷ் ஆகிவிடுமாம். ஆகாவிட்டாலும் பரவாயில்லை. தங்கள் தேசத்தில் தமிழ் படித்தவர் எவராவது ஆஸ்பத்திரியிலோ கடையிலோ இருப்பார், அவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

விஷயம் என்னவென்றால், எங்கள் குடும்பத்து மானம் தங்களிடம் ஒரு தாளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தாங்கள் அந்தத் தாளைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரே வரிதான். இதைச் சொன்னதும் பொன்செல்வி, "அப்போ முடிஞ்சுதா மாமா, அனுப்பிரட்டுமா?" என்று கையை எடுத்துவிட்டாள். "ஏட்டி, முன்னப்பின்ன தெரியாத மனுசன்கிட்ட மொட்டையாப் போயி தாளைக் குடுன்னா குடுப்பாரா? விவரம் சொல்ல வேண்டாமா? தட்டு"ன்னேன். தட்டுகிறாள்.

வெள்ளைக்காரன் காலத்தில், எங்க தாத்தா எளவட்டமாக இருந்தபோது, எங்கள் ஊர்க் குளம் வற்றிக் கிடந்த ஒரு கோடையில் ஆகாயத்திலிருந்து ஒரு விமானம் வந்து குளத்துக்குள்ளே இறங்கிவிட்டது. ரெண்டு அடுக்கு றெக்கை வைத்தது. பெட்ரோல் தீர்ந்து போச்சா, வழி தப்பிப் போச்சா, யாருக்கும் தெரியாது. குளத்தின் நடுவில் கொஞ்சம் சகதி இருந்தது, அதில் சக்கரம் புதைந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் கண்ணில் கண்ணாடிச் சிமிழ் மாட்டிக்கொண்டு இறங்கினாராம். ஊரே போய்ச் சுற்றி நின்றிருக்கிறது. அந்நேரம் மாடசாமி கோவில் பூசாரிக்கு அருள் வந்து, "ஏலே, குதிரையில சுத்திச் சுத்தி எனக்கு இடுப்பு நோகுது, புது வாகனம் வந்துருக்கு, இழுங்கல! இழுத்துக் கரையேத்துதவனுக்கு என் கோயில்ல முதல் பரிவட்டம்!" என்று சாமி சொல்லிவிட்டது. உடனே எங்க தாத்தா தன் உழவுமாட்டு ஜோடியைக் கொண்டுபோய்ப் பூட்டி, ஒரே இழுப்பில் விமானத்தைக் கரையேற்றினார். வெள்ளைக்காரர் கைகொடுத்தார். விமானம் மேலே எழும்பி, கோவிலை மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கழுகுமலைப் பக்கமாகப் போய் மறைந்தது. அன்றைக்கிருந்து எங்கள் ஊர்க் கொடையில், அதாவது மாடசாமி கோவில் திருவிழாவில், முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்கு. தாத்தாவுக்கு அப்புறம் எங்க ஐயா, ஐயாவுக்கு அப்புறம் நான்.

பரிவட்டம் என்றால் தங்களுக்குத் தெரியாது. சாமிக்குச் சாத்தின துணியை எடுத்து, ஊர் பார்க்க, மேளம் கொட்ட, தலையில் கட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். துணி என்று பார்த்தால் கைக்குட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் அதைக் கட்டின தலையோடு கோவிலிலிருந்து வீடுவரைக்கும் நடந்து போகிற நடை இருக்கிறதே, அந்த ஒரு நடைக்காகத்தான் வருஷம் பூரா நான் ஆட்டுப் பின்னால் நடக்கிறேன்.

போன கொடையில், பூசாரி துணியை மடித்துக் கையில் எடுத்த நேரத்தில், என் பங்காளி சிவனாண்டி எழுந்து நின்றான். பங்காளி என்றால் எங்க தாத்தாவும் அவன் தாத்தாவும் அண்ணன் தம்பி மக்கள். வீடு அடுத்தடுத்த வீடு, பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. ரைஸ் மில் வைத்திருக்கிறான். நல்ல குரல் வேறு, மைக் இல்லாமலே மூணு தெருவுக்குக் கேட்கும்.

"நிறுத்துங்கய்யா! விமானத்தை இழுத்தது எங்க தாத்தன். இவன் தாத்தன் வாலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு. வாலைப் பிடிச்சவன் குடும்பத்துக்கு முதல் பரிவட்டமா?"

"ஏலே மூதி, உன் தாத்தன் அன்னைக்கு ஊர்லயே இல்லையே! புளியங்குடிச் சந்தையில மாடு பாக்கப் போயிருந்தாரு!"

"உங்க தாத்தன் வச்சிருந்த மாட்டுக்குச் சந்தைக்கே நடந்து போகத் தெம்பு கிடையாதுல. அது விமானத்தை இழுத்துச்சாக்கும்!"

மாட்டைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. அவனும் நானும் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். மேளக்காரர்கள் இதுவும் கொடையில் ஒரு சடங்கு போல என்று நினைத்துக்கொண்டு அடியை வேகமாக்கிவிட்டார்கள், அவர்கள் வெளியூர். அந்த அடிக்குத் தகுந்தாற்போல நாங்களும் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டியதாகப் போச்சு. கடைசியில் ஊர்த்தலைவர் கோமதிசங்கர் அண்ணாச்சி நடுவில் புகுந்து பிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "இந்த வருசம் யாருக்கும் கட்டப் போறதில்ல. அடுத்த கொடைக்கு முன்னால, இழுத்தது யாருன்னு அத்தாட்சி கொண்டாங்க. கொண்டாந்தவன் தலையில கட்டுதோம். ரெண்டு பேருமே கொண்டாரலைன்னா, நம்ம சங்கரசுப்பிரமணியன் சாருக்குக் கட்டிட்டுப் போறோம். வருசா வருசம் டியூப்லைட்டு போட்டுத் தாராருல்லா." அந்தச் சங்கரசுப்பிரமணியன் குளத்துக்கு மேற்கே பிளாட் போட்டு விற்கிறவர். அவர் அங்கேயே உட்கார்ந்தபடி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா.

அத்தாட்சிக்கு எங்கே போவது? தாத்தா இல்லை, ஐயா இல்லை, மாடுகளும் இல்லை. இப்படியிருக்கும்போதுதான் கடையநல்லூரிலிருந்து முகம்மது ஹுசைன் பக்ரீத் குர்பானிக்குக் கிடா பார்க்க வந்தார். அவரும் நானும் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிற பழக்கம். துபாய் விமான நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் விமானத்துக்குள்ளே சீட்டுத் துடைத்தவர். எந்த நாட்டுக்காரன் எதைத் தின்றுவிட்டு எங்கே மறைத்து வைப்பான் என்று கேட்டால் நாள் பூரா சொல்வார். எங்கள் பக்கத்தில் விமானத்தைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்போம்.

கிடாவின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "மச்சான், இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிய? அந்தக் காலத்துல விமானம் ஓட்டுனவனுவ எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைய. ஒருத்தன் எங்கன இறங்குனாலும் எழுதி, படம் பிடிச்சு, பத்திரிகையில போட்டிருவானுவ. அந்தப் பத்திரிகைய எல்லாத்தையும் இப்ப நெட்டுல ஏத்தி வச்சிருக்கானுவளாம். ஏர்போர்ட்டுல ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சாப்பாட்டு நேரத்துல அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாரு. இன்ஷா அல்லாஹ், உங்க தாத்தாவும் அதுக்குள்ள இருப்பாரு" என்றார்.

கிடாவை மரத்தில் கட்டிப் போட்டுவிட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பொன்செல்வி முதலில், "சாதிச் சான்றிதழா, வருமானச் சான்றிதழா?" என்று கேட்டாள். "விமானம்"ன்னேன். "டிக்கெட்டா? யாரு போறா?"ன்னா. "தாத்தா"ன்னேன். ஹுசைன் பாய் இடையில் புகுந்து விளக்கியிருக்காவிட்டால் அவள் எங்களை எழுப்பி அனுப்பியிருப்பாள்.

ஐயா, தாங்கள் ஏற்றி வைத்திருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. பொன்செல்வி தேடித் திறந்ததும் அட்டை அட்டையாக வந்து விழுகிறது. ஒவ்வொரு அட்டையைத் தட்டினால் உள்ளே நூறு நூற்றைம்பது பக்கம். எனக்கு எழுத்துத் தெரியாததால் படம் படமாகப் பார்த்தேன். முதல் நாள் பூராவும் தாத்தாவை மறந்தே போனேன். என்ன விமானம், எத்தனை விதம்! றெக்கை ரெண்டு வைத்தது, மூணு வைத்தது, ஒன்று றெக்கையைப் பின்னால் வைத்து மூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறது. பாதி விமானங்கள் தலைகுப்புறத்தான் கிடக்கின்றன. பக்கத்தில் அதை ஓட்டினவர் வாயில் புகை பிடிக்கிற சுங்கானை வைத்துக்கொண்டு, ஆடு வாங்கினவன் ஆட்டுப் பக்கத்தில் நிற்பது மாதிரி, சிரித்துக்கொண்டு நிற்கிறார். "விழுந்துட்டானே, எதுக்குட்டி சிரிக்கான்?" என்று கேட்டேன். "பத்திரிகையில படம் வருதுல்லா மாமா" என்றாள். விளம்பரங்கள் வேறு. இன்ஜின் எண்ணெய் விளம்பரத்தில் ஒரு அம்மா கழுத்தில் நரித்தோலைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் டின்னைப் பார்த்து மயங்கி நிற்கிறாள். எங்கள் ஊர் ரைஸ் மில்லிலும் எண்ணெய் இருக்கிறது, சிவனாண்டி பெண்டாட்டி அதைப் பார்த்து மூக்கைத்தான் பொத்துவாள்.

பொன்செல்வி ஓய்வு நேரத்தில் சில பக்கங்களைப் படித்தும் சொன்னாள். ஒரு பத்திரிகையில் வாசகர் கடிதம் என்று ஒரு பகுதி. அதில் தங்கள் தேசத்துப் பெரிய மனுஷர் ரெண்டு பேர், இன்ன மலையை முதலில் தாண்டினது யார் என்று சண்டை. ஒருத்தர் "நான் தாண்டும்போது அவர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்" என்கிறார். அடுத்த மாதம் இன்னொருத்தர் "அது டீ அல்ல, காப்பி, அதுவும் தாண்டி முடித்த பிறகு குடித்தது" என்று பதில் போடுகிறார். அதற்கு அடுத்த மாதம் டீக்கடைக்காரரே எழுதியிருக்கிறார். எனக்கு ரொம்ப ஆறுதலாகப் போச்சு. "ஏட்டி, வெள்ளைக்காரனுக்கும் பங்காளி உண்டா!" என்று கேட்டேன். "இவங்க லார்டு மாமா" என்றாள். லார்டோ, எவரோ, அடுத்த வீட்டுக்காரர் மாதிரித்தான் தெரிந்தது.

இப்படியே தினமும் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தேன். தங்கத்தாய் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன மனுசன் ஆகாசத்துல பறக்காரு. ஆடு எல்லாம் பட்டினி கிடந்து காத்தாடியாப் போச்சு, அதுவளையும் கூட்டிட்டுப் போங்க, தானாப் பறக்கும்!" அவளுக்கு என்ன தெரியும்? பரிவட்டம் கட்டின தலைக்குப் பின்னால் நடந்து வருகிற பெருமை அவளுக்கும்தானே.

கடைசியில் ஒருநாள் கிடைத்துவிட்டது. பொன்செல்வி எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த பழைய பெயரை எல்லாம் போட்டுப் போட்டுத் தேடினதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்துப் பத்திரிகை ஒன்றில், தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில், எங்கள் குளம்! அந்தக் கரை, அந்த ஒடமரம், தூரத்தில் மாடசாமி பீடம். நடுவில் விமானத்தின் மூக்கும் றெக்கையும். மூக்கில் வடம் கட்டி, ரெண்டு காளை. காளைகளுக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டின ஒரு ஆள், சாட்டைக் கம்போடு. நான் எழுந்து நின்று கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சான்றிதழ் வாங்க வந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் கும்பிட்டார்கள்.

ஆனால் ஐயா, அந்த ஆள் திரும்பி நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது.

முதுகானாலும் எங்க தாத்தா முதுகு எனக்குத் தெரியாதா? பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் ஊர்க் கூட்டத்தில் விரித்தேன். சிவனாண்டி குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். "எங்க தாத்தா!" என்றான். "ஏலே, இது எங்க தாத்தா முதுகுல!" "உங்க தாத்தாவுக்கு முதுகு இவ்வளவு அகலம் எங்கல? இது ரைஸ் மில் முதுகு!" ஆள் முதுகை வைத்து முடிவு கட்ட முடியாது என்று ஆனதும் ஊர் மாட்டுக்குப் போய்விட்டது. அது எங்கள் ஊர் வழக்கம். மனுஷனை அடையாளம் தெரியாவிட்டால் மாட்டை வைத்துக் கண்டுபிடிப்போம், மாட்டைத் தெரியாதவன் ஊரில் கிடையாது. எங்க தாத்தா வைத்திருந்தது செவலை ஜோடி, அவன் தாத்தா வைத்திருந்தது மயிலை ஜோடி என்று ஊருக்கே தெரியும். செவலையென்றால் செம்மண் நிறம், மயிலையென்றால் சாம்பல் நிறம். ஆக, மாடு என்ன நிறம் என்று பார்த்தால் தீர்ந்தது. ஊர் முழுக்க அந்தப் படத்தைச் சுற்றிக் குந்தி, கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் பார்த்தது. காலையில் குந்தினவர்கள் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. வெயிலில் பார்த்தால் செவலையாகவும் நிழலில் பார்த்தால் மயிலையாகவும் தெரிகிறது என்று கோமதிசங்கர் அண்ணாச்சி நடுநிலையாகச் சொன்னார்.

கடைசியில் ஹுசைன் பாயையும் கூட்டிக்கொண்டு ரெண்டு கூட்டமும் பஸ் ஏறிப் பொன்செல்வி கடைக்குப் போனோம். அவள்தான், "கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலராக்க ஆப் இருக்கு மாமா" என்றாள். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு அமுக்கினாள். ஐயா, மாடு செவலையாக வந்தது! அசல் செவலை, எங்கள் தொழுவில் கட்டினது மாதிரி. நான் துள்ளிக் குதிப்பதற்குள் சிவனாண்டி தன் போனில் அதே படத்தைப் போட்டு அமுக்கினான். மயிலையாக வந்தது. ஹுசைன் பாய் சமாதானத்துக்காகத் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதில் மாடு பச்சை, குளம் சிவப்பு. "என் போனு துபாயில வாங்கினது" என்று அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிவனாண்டியின் போன் விலை உசந்தது, ஆகையால் அது சொல்வதுதான் சரி என்று ஒரு கூட்டம். கம்ப்யூட்டர் பெரிசு, போன் சின்னது, பெரிசு சொல்வதுதான் சரி என்று எங்கள் கூட்டம்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பொன்செல்வி கடைக்கு முன்னாலேயே சிவனாண்டி ஒரு பிளக்ஸ் கட்டியிருக்கிறான். "வானூர்தியை வசமாக்கிய வரலாற்று நாயகரின் பேரனே! வருக! பரிவட்டம் பெறுக!" நடுவில் கூலிங் கிளாஸ் போட்டுச் சிவனாண்டி, கைகூப்பின மாதிரி. மேலே ஒரு வட்டத்துக்குள்ளே, தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, அந்த முதுகு. எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வருமா? ஒரு கிடாவை விற்று அதைவிடப் பெரிசாக ஒன்று அடித்து எதிரில் கட்டினேன். அதே முதுகு, செவலை மாடு. "ஆகாயத்தை அடக்கிய ஐயா!" ஊருக்கு வெளியூரிலிருந்து வந்த சனங்கள், ரெண்டு கட்சிக்கும் ஒரே தலைவரா, ஏன் ரெண்டு பேருக்கும் முகத்தைக் காட்ட மாட்டேங்கிறார் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் ஒருத்தர் வந்து மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "ரெண்டு முதுகுக்கும் அனுமதி வாங்கலை, கழட்டுங்க" என்றார். கழற்றியதை மறுநாள் மறுபடி கட்டினோம். கடைக்கு வெளிச்சமே வரவில்லை என்று பொன்செல்வி இப்போதும் திட்டிக்கொண்டுதான் தட்டுகிறாள்.

இப்போது தாளுக்கு வருகிறேன். அந்தத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தின் அடியில், "விமானத்தை இழுத்தது யார், என்ன நடந்தது என்ற முழு விவரம் நூற்றுப்பதினோராம் பக்கம் பார்க்க" என்று போட்டிருக்கிறதாம். பொன்செல்வி தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுப்பத்து வந்தது. அடுத்தது நூற்றுப்பதிமூன்று. நடுவில் ஒரு தாளைக் காணோம்! தங்கள் ஆட்கள் படம் பிடிக்கும்போது எச்சில் தொட்டு ரெண்டு தாளைச் சேர்த்துத் தள்ளிவிட்டார்களோ, அல்லது எவனாவது கிழித்து வைத்துக்கொண்டானோ, தெரியாது. அந்த ஒரு தாளில்தான் எங்க தாத்தா பெயர் இருக்கிறது. கொடைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அந்த பிளாட் போடுகிறவர் தலைக்குத் தைலம் தேய்த்துக் குளிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

ஆகையால் ஐயா, தாங்கள் பெரிய மனசு பண்ணி, பீரோவுக்குப் பின்னால், பரணுக்கு மேல், தங்கள் வீட்டம்மா அடுப்பங்கரையில் டப்பாவுக்குக் கீழே எதையாவது விரித்து வைத்திருந்தால் அதிலும்கூட, எங்கே கிடந்தாலும் அந்த நூற்றுப்பதினோராம் பக்கத்தைத் தேடி எடுத்து, உலகம் பூரா பார்க்கும்படி ஏற்றிவிட வேண்டும். சிவனாண்டி பார்க்க வேண்டும். அவன் பெண்டாட்டி பார்க்க வேண்டும். டியூப்லைட்டுக்காரர் முக்கியமாகப் பார்க்க வேண்டும். தாங்கள் இந்த உதவியைச் செய்தால், எங்கள் ஊர்க் கொடைக்குத் தாங்கள் குடும்பத்தோடு வரும்போது ஒரு கிடா தங்களுக்கு. வாய்ப்புண் இல்லாத கிடா.

தங்கள் கண்ணும் கையும் நல்லபடியாக இருந்து, தங்கள் கம்ப்யூட்டருக்குக் கரண்டு போகாமல், தங்கள் பிள்ளைகள் பங்காளிச் சண்டை தெரியாமல் வளர்ந்து, ஆடு மாடு பெருகி வாழ மாடசாமி முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொள்ளும்,

மூக்காண்டி.

பின்குறிப்பு (ஊருக்குப் போய்விட்டு மறுபடி கடைக்கு வந்து சொல்வது): ஐயா, மேலே சொன்னதை எல்லாம் தாங்கள் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

நான் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பொன்செல்வி, "மாமா, ஒரு விசயம். போன வாரமே நான் அவங்களுக்கு ரெண்டு வரி அனுப்பிட்டேன், நூத்திப்பதினொண்ணாம் பக்கம் இல்லைன்னு. இப்பப் பதில் வந்துருக்கு. தாளும் வந்துருக்கு" என்றாள். "ஏட்டி, பின்ன எதுக்கு இவ்வளவையும் தட்டுனே?"ன்னேன். "நீங்க ஆசையாச் சொல்லிக்கிட்டு இருந்திய. நடுவுல நிறுத்த மனசு வரல" என்கிறாள். சிவனாண்டியும் அந்நேரம் தன் பிளக்ஸில் வவ்வால் அடைந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவன், "தாளும் வந்துருக்கு" என்கிற சத்தம் கேட்டு உள்ளே நுழைந்துவிட்டான். தாங்கள் அனுப்பின தாளைப் பொன்செல்வி எங்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் படித்தாள்.

அந்த வெள்ளைக்காரரே எழுதியிருக்கிறார். "பாலைவனத்தையும் புயலையும் தாண்டி வந்த என் விமானம் ஒரு கீறல் இல்லாமல் அந்தக் குளத்தில் இறங்கியது. சக்கரம் மட்டும் கொஞ்சம் புதைந்திருந்தது. ஜனங்கள் மிகுந்த அன்போடு உதவிக்கு வந்தார்கள். உறவினர் என்று தோன்றிய இருவர் ஆளுக்கு ஒரு ஜோடி மாடு கொண்டு வந்தார்கள். ஒருவர் மூக்கில் வடம் கட்டினார். மற்றவர், அவர் கட்டிவிட்டதைக் கண்டு, வாலில் கட்டினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். உற்சாகப்படுத்துவதாக எண்ணி இருவரும் இன்னும் பலமாக ஓட்டினார்கள். விமானம் இரண்டாகப் பிரிந்தது. பிறகு இருவரும் என்னிடம் வந்து, யார் அதிகமாக இழுத்தது என்று சைகையால் கேட்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். முன்பாதியை ஒரு வண்டியிலும் பின்பாதியை ஒரு வண்டியிலும் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டு போனோம்."

படித்து முடித்ததும் சிவனாண்டி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பொன்செல்வி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குகிறாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஏலே மூக்காண்டி," என்றான் சிவனாண்டி. மூணு தெருவுக்குக் கேட்கிற குரல் அந்நேரம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இது வெளிய தெரிஞ்சா ரெண்டு தலையும் மொட்டைத் தலைதாம்ல. டியூப்லைட்டுக்காரன் கட்டிட்டுப் போயிருவான்."

"தெரியும்ல. பேசாம இரு. எம்மா பொன்செல்வி…"

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு பிளக்ஸும் இன்னைக்கே என் கடை வாசல்ல இருந்து இறங்கணும்" என்றாள். அவனுடையதை நான் அவிழ்த்தேன், என்னுடையதை அவன் அவிழ்த்தான்.

அப்படியே ஊருக்குப் போய்க் கோமதிசங்கர் அண்ணாச்சியிடம் ரெண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டோம். "அண்ணாச்சி, தாளு வந்துட்டு. ரெண்டு பேரு தாத்தாவும் சேந்துதான் இழுத்திருக்காவ." இதில் பொய் எங்கே இருக்கிறது, தாங்களே சொல்லுங்கள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை நீளமான துணியாக எடுத்து, ஒரு முனையை அவன் தலையிலும் ஒரு முனையை என் தலையிலும் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் ஒற்றுமையைப் பாராட்டி டியூப்லைட்டுக்காரர் பேசவும் போகிறார். தங்கத்தாயும் சிவனாண்டி பெண்டாட்டியும் சேலை எடுக்க ஒன்றாகத் தென்காசிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆகையால் மகா கனம் பொருந்திய ஐயா, தாங்கள் கண்டெடுத்த அந்தத் தாளைத் தயவுசெய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று தங்கள் சர்க்காரில் சட்டம் இருந்தால், ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டே, அதன் மறுபக்கத்தில் ஒரு பெரிய சோப்பு விளம்பரம் இருக்கிறதாம், அதை மட்டும் ஏற்றுங்கள். இந்தப் பக்கத்தை எதிலாவது நன்றாக ஒட்டிவிடுங்கள். நல்ல பசை அங்கே கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், சிவனாண்டி தன் சொந்தச் செலவில் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். நானும் பாதி போட்டுக்கொள்கிறேன்.

மூக்காண்டி, சிவனாண்டி (இருவர் பெருவிரலும்).